லேப் மெஷின் ராத்திரி சும்மாதானே கிடக்கு? ஹெச்டிகான்டார் செட்டிங் கேள்வி பதில்

இந்த மாசம் காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இருந்து ஹெச்டிகான்டார் பத்தியே நிறைய கேள்வி வந்திருக்கு, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு பெரிய கணக்கை நூறு ஆயிரம் சின்ன வேலையா (ஒவ்வொண்ணுக்கும் ஜாப்னு பேர்) உடைச்சு, நெட்வொர்க்ல எந்த மெஷின் சும்மா இருக்கோ அதுக்கு அனுப்பி, முடிஞ்சதும் ரிசல்ட்டைத் திருப்பிக் கொண்டுவர்ற சாஃப்ட்வேர் இது. அமெரிக்காவுல விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்துல 1988ல கான்டார்ங்கிற பேர்ல ஓட ஆரம்பிச்சது, 2012ல தான் ஹெச்டிகான்டார்னு பேர் மாறுச்சு. காசு கிடையாது, சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கு.

செட்டிங் பேர், கமாண்ட் பேர் எல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன். பிரிச்சு எழுதியிருந்தா டைப் பண்றப்போ நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டுக்கங்க, சேர்த்து எழுதியிருந்தா சேர்த்தே அடிங்க.

கேள்வி: பேட்டரி எலக்ட்ரோடு சிமுலேஷன் பண்றேன் சார், ஒரே புரோகிராமை வேற வேற அளவு குடுத்து ஆயிரக்கணக்குல ஓட்டணும். காலேஜ் லேப்ல உபுன்டு மெஷின் எல்லாத்துலயும் ஹெச்டிகான்டார் போட்டாச்சு, ராத்திரி ஜோரா ஓடுது. ஆனா காலைல பிராக்டிகல் நடக்கறப்போ பிள்ளைகள்லாம் மெஷின் நகரவே மாட்டேங்குதுன்னு சொல்றாக, லேப் பொறுப்புல இருக்கற மேடம் இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எல்லாத்தையும் அழிச்சிருவேன்னுட்டாக. எந்த செட்டிங்கை மாத்தணும்?
(ஆராய்ச்சி மாணவர், காரைக்குடி)

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு, மேடம் சொல்றது முழுக்க நியாயம். அந்த மெஷின் அங்க உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்காக வாங்கினது, உங்க சிமுலேஷன் அதுல தங்க வந்தது. ஹெச்டிகான்டாரை உருவாக்கினவங்களும் இதைத்தான் நினைச்சு வடிவமைச்சிருக்காங்க, மெஷினுக்கு உரிமையானவங்க என்ன நிபந்தனை போடுறாங்களோ அதுக்கு அப்புறம் தான் ஜாப் போடுறவங்க விருப்பம். அந்த நிபந்தனையை எழுதுற இடம் தான் கான்ஃபிக் ஃபைல். அதனால செட்டிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மேடம்கிட்ட லேப் டைம்டேபிளைக் கேட்டு வாங்கிருங்க, அதைப் பார்த்துத்தான் மத்ததை எழுதணும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஸ்டார்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, புது ஜாப் இந்த மெஷினுக்குள்ள வரலாமா வேண்டாமான்னு அதுதான் சொல்லும். அதுல கீபோர்டுஐடில் 900ஐ விடப் பெருசா இருக்கணும்னு எழுதினா, கீபோர்டையும் மவுஸையும் பதினஞ்சு நிமிஷம் யாரும் தொடாம இருந்தா மட்டும் தான் ஜாப் வரும், கணக்கு செகண்ட்ல. கூடவே க்ளாக்மின்னு ஒண்ணு இருக்கு, நடுராத்திரி 12 மணில இருந்து எத்தனை நிமிஷம் ஆச்சுங்கிறது. காலை 8 மணின்னா 480, சாயங்காலம் 6 மணின்னா 1080. 480க்கு கீழே அல்லது 1080ம் அதுக்கு மேலேயும்னு எழுதிட்டா பகல்ல புது ஜாப் எதுவும் உள்ள வராது. ஞாயித்துக்கிழமை பகல்லயும் ஓடட்டும்னா க்ளாக்டே 0ன்னு சேர்த்துக்கலாம், ஞாயிறுக்கு நம்பர் 0.

நிறைய பேர் இத்தோட நிறுத்திடறாங்க, உங்க லேப்லயும் அப்படித்தான் இருக்கும்னு தோணுது. ஏன்னா ஸ்டார்ட் வந்து வாசல்ல நிக்கிற நிபந்தனை, ஏற்கனவே உள்ள வந்து ஓடிக்கிட்டு இருக்கற ஜாப்பை அது வெளிய அனுப்பாது. காலைல 7:55க்கு ஒரு ஜாப் உள்ள வந்து அது நாலு மணி நேரம் ஓடுறதா இருந்தா, 9 மணிக்கு பிராக்டிகல் ஆரம்பிக்கறப்பவும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே தான் இருக்கும், ஸ்டார்ட்ல என்ன எழுதியிருந்தாலும் சரி. வெளிய அனுப்புறது ப்ரிஎம்ப்ட்ங்கிற செட்டிங். அதுலயும் நேரத்தை எழுதுங்க, க்ளாக்மின் 510ல இருந்து 1080க்குள்ள இருந்தா ப்ரிஎம்ப்ட்னு போட்டா 8:30க்கே மெஷின் காலியாயிரும். ஸ்டார்ட்ல ஞாயித்துக்கிழமை பகலைச் சேர்த்திருந்தா இங்க ஞாயிறை விட்டுட்டு எழுதுங்க, இல்லைன்னா அந்த ஜாப்பும் போயிரும்.

அடுத்தது சஸ்பெண்ட். ரெடிமேடா வர்ற டெஸ்க்டாப் பாலிசியில யாராவது வந்து கீபோர்டைத் தொட்டா ஜாப்பை முதல்ல நிறுத்தி வைக்கும், ஆள் போயிட்டா திரும்ப ஓடும், ரொம்ப நேரம் ஆள் போகலைன்னா தான் வெளிய அனுப்பும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நிறுத்தி வச்ச ஜாப் சிபியூவை விட்டுடுமே தவிர மெமரியை விடாது. 8 ஜிபி மெஷின்ல உங்க சிமுலேஷன் 5 ஜிபியைப் பிடிச்சுக்கிட்டு தூங்கிட்டு இருந்தா, அந்தப் பிள்ளை பிரவுசரும் எடிட்டரும் திறக்கறதுக்குள்ள மெஷின் திணறிப் போயிரும். லேப் மெஷினுக்கு வான்ட் சஸ்பெண்டை ஃபால்ஸ்னு வச்சிட்டு, ப்ரிஎம்ப்ட்ல கீபோர்டுஐடில் 60க்குக் கீழே போனாலும்னு சேர்த்துருங்க. ஆள் வந்து உட்கார்ந்தா ஜாப் போயிரணும். உங்களுக்கு ஒரு ஜாப் நஷ்டம் தான், ஆனா பிராக்டிகல் பரிட்சைல அஞ்சு நிமிஷம் போனாலும் அந்தப் பிள்ளைக்கு அது திரும்பக் கிடைக்காது.

இன்னொண்ணு, இதைக் கட்டாயம் பாருங்க. உபுன்டுல யூஎஸ்பி கீபோர்டு மவுஸை யாரும் தொடுறாங்களான்னு ஹெச்டிகான்டார் தானா கண்டுபிடிக்காது, அதுக்குன்னு கேபிடிடின்னு ஒரு டீமன், அதாவது பின்னணில ஓடிக்கிட்டே இருக்கற புரோகிராம், தனியா இருக்கு. டீமன் லிஸ்ட்ல அதைச் சேர்க்கலைன்னா ஆள் உட்கார்ந்து தட்டிக்கிட்டே இருப்பாங்க, மெஷின் தான் சும்மா இருக்கறதா ஹெச்டிகான்டார் நினைச்சுக்கும், மேல சொன்ன கீபோர்டு நிபந்தனை எதுவும் வேலை செய்யாது. சேர்த்துட்டு ஒரு மெஷின் முன்னாடி உட்கார்ந்து ஏதாவது டைப் பண்ணிக்கிட்டே கான்டார் ஸ்டேட்டஸ் கமாண்டுல டைரக்ட், லாங் ரெண்டு ஆப்ஷனும் குடுத்து கீபோர்டுஐடில் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. டைரக்ட் குடுக்காம பார்த்தா சென்ட்ரல் மேனேஜர்ல, அதாவது எல்லா மெஷினோட நிலவரத்தையும் வாங்கி வச்சுக்கற மெஷின்ல, இருக்கற பழைய கணக்கு தான் வரும், மெஷின்கள் அதுக்கு தகவல் அனுப்புறது சாதாரணமா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நீங்க தட்டத் தட்ட நம்பர் ஏறிக்கிட்டே போச்சுன்னா கேபிடிடி ஓடலைன்னு அர்த்தம்.

இதெல்லாம் சரி பண்ணிட்டு மேடமை ஒரு தடவை கூட்டிட்டுப் போய் நேர்ல காட்டுங்க, அவங்க கீபோர்டைத் தொட்டதும் ஜாப் போறதை அவங்க கண்ணால பார்க்கட்டும்.

கேள்வி: புதுவயல்ல சின்னதா சாஃப்ட்வேர் ஆபீஸ் நடத்துறோம். ஸ்டார்ட் செட்டிங்கை மாத்திட்டு ரீகான்ஃபிகும் (செட்டிங்கைத் திரும்பப் படிக்கச் சொல்ற கமாண்ட்) குடுத்துட்டேன், மெஷின் பழைய மாதிரியே தான் நடந்துக்குது. ஃபைலைத் திறந்து பார்த்தா நான் எழுதினது அப்படியே இருக்கு. பழைய ஃபைலை ஒரு காப்பி எடுத்து பக்கத்துலயே வச்சுட்டுத்தான் மாத்தினேன், அதனால தப்பு நடந்திருக்க வாய்ப்பில்லை. என்ன காரணம்?
(புதுவயல் வாசகர்)

பதில்: அந்தக் காப்பி தான் காரணம் சார்!

லினக்ஸ்ல ஈடிசிக்குள்ள கான்டார்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கான்ஃபிக் டாட் டின்னு இன்னொண்ணு இருக்கும். ஹெச்டிகான்டார் முதல்ல மெயின் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும், அப்புறம் இந்த ஃபோல்டர்ல இருக்கற ஃபைலையெல்லாம் பேர் வரிசைப்படி ஒண்ணொண்ணா படிக்கும். ஒரே செட்டிங் ரெண்டு இடத்துல இருந்தா கடைசியா படிச்சது தான் நிக்கும். புள்ளில ஆரம்பிக்கிற பேர், கடைசில அலைக்குறி இருக்கற பேர் மாதிரி சிலதை மட்டும் விட்டுடும், மத்தபடி ஃபைல் பேர் எப்படி முடியுதுன்னெல்லாம் பார்க்காது. நீங்க 99-லேப் டாட் கான்ஃப்னு ஒரு ஃபைல் வச்சு, காப்பிக்கு 99-லேப் டாட் கான்ஃப் டாட் ஓல்டுன்னு பேர் குடுத்திருந்தா, வரிசையில ஓல்டு தான் பின்னாடி வரும், அதுல இருக்கற பழைய ஸ்டார்ட் தான் ஜெயிக்கும். நீங்க புதுசுல எத்தனை தடவை மாத்தினாலும் பலன் இருக்காது. காப்பியை அந்த ஃபோல்டரை விட்டே வெளிய எடுத்து வையுங்க.

இதைக் கண்டுபிடிக்க ஃபைலைத் திறந்து பார்த்துக்கிட்டு இருக்க வேண்டாம். கான்டார் கான்ஃபிக் வால்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல வெர்போஸ் ஆப்ஷன் குடுத்து ஸ்டார்ட்னு கேட்டீங்கன்னா இப்போதைய மதிப்பு என்ன, அது எந்த ஃபைல்ல எத்தனாவது வரில இருந்து வந்ததுன்னு சொல்லிரும். ஆனா அது ஃபைல்ல இருக்கறதை மட்டும் சொல்றது. ஓடிக்கிட்டு இருக்கற டீமன் மனசுல என்ன இருக்குன்னு தெரியணும்னா அதே கமாண்டுல ஸ்டார்ட்டின்னு (ஸ்டார்ட் இல்லை, கடைசில டி சேர்த்தது, ஜாப் ஓட்டுற மெஷின்ல இருக்கற டீமன் பேர்) ஒரு ஆப்ஷனைச் சேர்த்துக் கேளுங்க. ரெண்டுக்கும் பதில் வேற வேறயா வந்தா ரீகான்ஃபிக் போய்ச் சேரலை, இல்லைன்னா அது ரீஸ்டார்ட் கேக்குற செட்டிங். டீமன் லிஸ்ட், சிபியூ எண்ணிக்கை, ஸ்லாட் டைப் (ஸ்லாட்னா ஜாப் ஓட மெஷின்ல ஒதுக்கற பங்கு) எல்லாம் ரீகான்ஃபிக்ல மாறாது, ரீஸ்டார்ட் பண்ணித்தான் ஆகணும். ரீஸ்டார்ட் பண்றப்போ பீஸ்ஃபுல்ங்கிற ஆப்ஷனைக் குடுங்க, இல்லைன்னா ஓடிக்கிட்டு இருக்கற ஜாப்பெல்லாம் பாதியில போயிரும். பீஸ்ஃபுல் குடுத்தா அது முடியற வரைக்கும் காத்திருக்கும்.

ஸ்பெல்லிங்கும் பாருங்க. செட்டிங் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் ஹெச்டிகான்டார் எர்ரர் காட்டாது, ஏதோ நீங்களே புதுசா ஒரு பேர் வச்சுக்கிட்டதா எடுத்துட்டுப் பேசாம இருந்துரும். ஒவ்வொரு தடவை மாத்தினதுக்கு அப்புறமும் கான்ஃபிக் வால்ல கேட்டுப் பாக்குற பழக்கம் இருந்தா அதுவும் உடனே தெரிஞ்சு போயிரும்.

கேள்வி: ஜாப் போட்டா ஐடில்னே (காத்திருக்குன்னு) நிக்குது, நாள் கணக்கா நகரலை. மெஷின்லாம் காலியாத்தான் இருக்கு. நாலு கோர், 8 ஜிபி. என் புரோகிராமுக்கு 3 ஜிபி கேட்டிருக்கேன்.
(தேவகோட்டை, கல்லூரி ஆசிரியை)

பதில்: உங்க வெர்ஷன் பழசுன்னு நினைக்கிறேன் மேடம். பழைய வெர்ஷன்ல எந்த செட்டிங்கும் எழுதலைன்னா கோருக்கு ஒரு ஸ்லாட்னு மெஷினைச் சமமாப் பிரிச்சிரும், உங்க 8 ஜிபி நாலா உடைஞ்சு ஸ்லாட்டுக்கு 2 ஜிபி. நீங்க கேக்குறது 3 ஜிபி, அப்படி ஒரு ஸ்லாட்டே அங்க கிடையாது, எத்தனை நாள் நின்னாலும் கிடைக்காது. கான்டார் க்யூ கமாண்டுல பெட்டர்-அனலைஸ்னு குடுத்து ஜாப் நம்பரைப் போட்டீங்கன்னா எந்த நிபந்தனைக்கு எத்தனை ஸ்லாட் பொருந்துதுன்னு வரிசையா காட்டும், மெமரி வரிக்கு நேரா 0ன்னு இருக்கும் பாருங்க.

தீர்வு பார்ட்டிஷனபிள் ஸ்லாட். மெஷின் முழுசையும் ஒரே ஸ்லாட்டா வச்சுக்கிட்டு, ஜாப் எவ்வளவு கேக்குதோ அவ்வளவை மட்டும் வெட்டிக் குடுக்கும். ஸ்லாட் டைப் 1ஐ 100 சதவீதம்னும், நம் ஸ்லாட்ஸ் டைப் 1ஐ 1ன்னும், ஸ்லாட் டைப் 1 பார்ட்டிஷனபிளை ட்ரூன்னும் எழுதுங்க. புது வெர்ஷன்ல இதுவே வழக்கமா வருது. ரிசர்வ்டு மெமரின்னு எம்பி கணக்குல 1024 போட்டு வச்சீங்கன்னா அந்த ஒரு ஜிபி ஜாப்புக்குப் போகாம மெஷினோட சொந்த வேலைக்கு நிக்கும்.

ரிக்வஸ்ட் மெமரில வெறும் நம்பர் போட்டா அது எம்பி. 3ன்னு மட்டும் எழுதிட்டு ஜிபின்னு நினைச்சுக்கக் கூடாது. ஜாப் முடிஞ்சதும் லாக் ஃபைல்ல கடைசில கேட்டது எவ்வளவு, நிஜமா எடுத்துக்கிட்டது எவ்வளவுன்னு சின்னதா ஒரு டேபிள் இருக்கும், அதைப் பார்த்து அடுத்த தடவை கேக்குறதைக் குறைச்சீங்கன்னா ஒரே மெஷின்ல இன்னும் அதிக ஜாப் ஓடும்.

கேள்வி: எங்க ஊர்ல மாசம் ஒரு நாள் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துறாக, அது போக மழை காத்துன்னா சொல்லாமலும் போகுது. ரெண்டு நாள் ஓடுற ஜாப் பாதியில போயிட்டா மறுபடி முதல்ல இருந்து தான் ஓடுது. இதுக்கு ஏதாவது செட்டிங் இருக்கா?
(பள்ளத்தூர் வாசகர்)

பதில்: இருக்கு, ஆனா எந்த மெஷின்ல கரண்ட் போச்சுங்கிறதைப் பொறுத்தது.

ஜாப்பை அனுப்பின மெஷின் நின்னு போச்சுன்னு வைங்க, ஓட்டுற மெஷின்லாம் யூபிஎஸ்ல உயிரோட இருக்கு. அப்போ ஜாப் உடனே சாகாது, ஜாப் லீஸ் டியூரேஷன்னு ஒரு கெடு இருக்கு, வழக்கமா 40 நிமிஷம். அதுக்குள்ள அனுப்பின மெஷின் எழுந்து வந்துட்டா விட்ட இடத்துல இருந்து தொடர்பைப் பிடிச்சுக்கும். உங்க ஊர்ல அதை விட நேரம் ஆகும்னா சப்மிட் ஃபைல்ல (ஜாப் போடறப்போ அதோட விவரத்தை எழுதுற ஃபைல்) 7200ன்னு போட்டு ரெண்டு மணி நேரம் ஆக்கிக்கங்க, இதுவும் செகண்ட் கணக்கு. க்யூவுல காத்துக்கிட்டு இருக்கற ஜாப் பத்தி கவலையே வேண்டாம், க்யூ முழுசும் டிஸ்க்ல எழுதி வச்சிருக்கும், கரண்ட் வந்ததும் அப்படியே இருக்கும். யூபிஎஸ் ஒண்ணு தான் வாங்க முடியும்னா ஜாப் அனுப்புற மெஷினுக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் குடுங்க.

ஓட்டுற மெஷினே நின்னு போச்சுன்னா கதை வேற. புரோகிராம் நடுவுல எங்கயும் சேமிச்சு வைக்கலைன்னா முதல்ல இருந்து ஓடுறதைத் தவிர வழியில்லை. எந்தப் புரோகிராமா இருந்தாலும் ஹெச்டிகான்டாரே நடுவுல தானா சேமிச்சு வச்சிரும்னு சிலர் நம்பிக்கிட்டு இருக்காங்க. முந்தி ஸ்டாண்டர்ட் யூனிவர்ஸ்னு அப்படி ஒண்ணு இருந்தது, அதை எடுத்துட்டாங்க. இப்போ புரோகிராம் தான் பார்த்துக்கணும். மணிக்கு ஒரு தடவை தன்னோட நிலையை ஒரு ஃபைல்ல எழுதிட்டு 85ங்கிற எக்ஸிட் கோடோட வெளிய வர்ற மாதிரி புரோகிராமை மாத்துங்க, சப்மிட் ஃபைல்ல செக்பாயின்ட் எக்ஸிட் கோட் 85ன்னு எழுதுங்க, ட்ரான்ஸ்ஃபர் செக்பாயின்ட் ஃபைல்ஸ்ல அந்த ஃபைல் பேரைக் குடுங்க. ஹெச்டிகான்டார் அந்த ஃபைலை உங்க பக்கம் பத்திரமா எடுத்து வச்சுட்டு புரோகிராமை அங்கயே திரும்ப ஓட விடும், மெஷின் செத்தா வேற மெஷினுக்கு அந்த ஃபைலோட அனுப்பும். புரோகிராம் எழுந்ததும் அந்த ஃபைல் இருக்கான்னு பார்த்து அங்க இருந்து தொடரணும், அதை நீங்க தான் எழுதணும். ஒரு நாள் உட்கார்ந்தா எழுதிரலாம், ரெண்டு நாள் ஜாப்புக்கு அது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை.

பராமரிப்பு நாள் முன்கூட்டியே பேப்பர்ல வந்துருது இல்லையா, முந்தின நாளே ஸ்டார்ட்டை ஃபால்ஸ்னு மாத்தி ரீகான்ஃபிக் குடுத்து மெஷின்களைப் புது ஜாப் எடுக்காம நிறுத்திட்டீங்கன்னா நடுவுல அறுபடுற ஜாப் ரொம்பக் குறையும்.

கேள்வி: எங்க ஐயா காலத்துல பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன கணக்குப் பேரேடெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கோம், படம் மங்கலா இருக்கறதால சுத்தம் பண்ண பேரன் வீட்டுல இருக்கற மூணு பழைய கம்ப்யூட்டர்ல இந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்தான். இப்போ அவன் பெங்களூர்ல இருக்கான். ரவுட்டர்ல ஒரு போர்ட்டைத் திறந்து விட்டா அங்க இருந்தே ஜாப் போட்டுக்குவேங்கிறான். திறக்கலாமா?
(கானாடுகாத்தான், ஒரு ஆச்சி)

பதில்: ஆச்சி, வேண்டாம், திறக்காதீக. பேரன்கிட்ட இதை அப்படியே காட்டுங்க.

ஹெச்டிகான்டார் பேசுறது 9618ங்கிற போர்ட்ல. அதை வெளிய திறந்து விட்டா உலகத்துல யார் வேணும்னாலும் வந்து தட்டிப் பார்க்கலாம். அடுத்தவங்க அனுப்புற புரோகிராமை உங்க மெஷின்ல ஓட்டுறது தான் இந்த சாஃப்ட்வேரோட வேலையே, அதனால உள்ள விடுற ஆள் யாருங்கிறதுல கொஞ்சம் கூட அசட்டையா இருக்கக் கூடாது. பழைய வெர்ஷன்ல இணைப்பு வரலைன்னா அலவ் ரைட்ல நட்சத்திரக் குறி போட்டுருங்கன்னு பலர் சொல்லிக் குடுப்பாங்க, அதுக்கு அர்த்தம் எல்லாரும் வரலாம்னு. பேரன் அப்படிப் போட்டிருந்தான்னா முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க. 9.0 வெர்ஷன்ல இருந்து அடையாளம் காட்டாத மெஷினை ஆரம்பத்துலயே உள்ள விடாது, எல்லா மெஷின்லயும் இன்ஸ்டால் பண்றப்போ ஒரே பாஸ்வேர்டைக் குடுத்துட்டா அதுங்களே டோக்கன் (அடையாளச் சீட்டு மாதிரி) வச்சுப் பேசிக்கும். மூணுல ஒண்ணை சென்ட்ரல் மேனேஜரா வச்சு அதுலயே ஜாப் போடுற வேலையும் இருக்கட்டும், மத்த ரெண்டும் ஓட்டுறதுக்கு மட்டும். பெங்களூர்ல இருந்து வரணும்னா விபிஎன் (இன்டர்நெட்ல பாதுகாப்பான தனிப்பாதை) வழியா வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வந்து அந்த முதல் மெஷின்ல ஜாப் போடட்டும், 9618 வெளிய தெரியவே வேண்டாம்.

பக்கத்துக்கு ஒரு ஜாப்னு போட்டிருந்தா அதையும் மாத்தச் சொல்லுங்க. ஒரு படத்தைச் சுத்தம் பண்ண சில செகண்ட் தான் ஆகும், ஆனா ஒவ்வொரு ஜாப்பையும் அனுப்பி, ஃபைலைக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவர்றதுக்கே அதை விட நேரம் ஆயிரும். ஐம்பது நூறு பக்கத்தை ஒரு கட்டா ஒரு ஜாப்புக்குக் குடுத்தா பழைய மெஷின்லயே சீக்கிரம் முடியும். சுத்தம் பண்ணின படத்தைத் தனி ஃபோல்டர்ல எழுதணும், மூல ஸ்கேன் மேல எழுதவே கூடாது, அதை வேற ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்து வீட்டுக்கு வெளிய ஒரு இடத்துல வச்சுருங்க. அந்தக் காலத்து ரங்கூன் கணக்கு, வட்டிச் சிட்டையெல்லாம் இனிமே எங்கயும் கிடைக்காது ஆச்சி, நீங்க இவ்வளவு தூரம் செஞ்சிருக்கறதே பெரிய காரியம்.

கேள்வி: எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு சீனியர் ஒரே நேரத்துல ஐயாயிரம் ஜாப் போட்டுட்டாரு, நாங்க போட்ட பத்து ஜாப் பின்னாடி நிக்குது. வரிசையில முன்னாடி வந்தவங்களுக்குத் தான் முதல்லயா?
(எம்எஸ்சி மாணவி, காரைக்குடி)

பதில்: இல்லைம்மா, முன்னாடி வந்தவங்களுக்கு முதல்லங்கிற கணக்கே இங்க கிடையாது. யார் சமீபத்துல நிறைய மெஷினைப் பயன்படுத்தினாங்களோ அவங்க முன்னுரிமை இறங்கிக்கிட்டே போகும். கான்டார் யூசர்ப்ரியோ கமாண்டைப் போட்டுப் பாருங்க, நம்பர் பெருசா இருந்தா முன்னுரிமை குறைவுன்னு அர்த்தம், உங்க சீனியர் நம்பர் ஏறியிருக்கும். பயன்படுத்தாம விட்டா அந்த நம்பர் தானா இறங்கும், எவ்வளவு வேகமாங்கிறது ப்ரையாரிட்டி ஹாஃப்லைஃப்ல இருக்கு, வழக்கமா 86400 செகண்ட், அதாவது ஒரு நாளைக்குப் பாதியா குறையும்.

அப்புறம் ஏன் காத்திருக்கீங்கன்னா, ஒரு மெஷினை ஒருத்தர் பிடிச்சுட்டா ஒரு ஜாப் முடிஞ்சதும் அடுத்த ஜாப்பை அவரே அதுல போட்டுக்கலாம். அப்படி எவ்வளவு நேரம் போடலாம்ங்கிறது க்ளெய்ம் வொர்க்லைஃப், 1200 செகண்ட். இருபது நிமிஷம் தாண்டினதும் ஓடுற ஜாப் முடிஞ்சா மெஷின் பொதுவுக்கு வந்துரும், அப்போ உங்களுக்குக் கிடைக்கும். சீனியரோட ஒவ்வொரு ஜாப்பும் பத்து மணி நேரம் ஓடுற ஜாப்பா இருந்தா அது முடியற வரைக்கும் வழியில்லை, ஏன்னா முன்னுரிமையைக் காரணமா வச்சு ஓடுற ஜாப்பை வெளிய தள்ளுறதை யாரும் தனியா எழுதி வைக்காம ஹெச்டிகான்டார் செய்யாது. அதை எழுதி வைக்கச் சொல்லிக் கேக்காதீங்க, அவர் உழைப்பும் பாதியில போகும். ஜாப்பை ஒரு மணி நேரத் துண்டா உடைச்சுப் போடச் சொல்லி அவர்கிட்ட நேர்லயே கேளுங்க, அது ரெண்டு பேருக்கும் நல்லது.

கேள்வி: ராத்திரி விண்டோஸ் மெஷின்லாம் தூங்கிருது, ஜாப் போக மாட்டேங்குது. ஹைபர்நேட்னு ஒரு செட்டிங் பார்த்தேன், அதை எழுதியும் பலன் இல்லை.
(கோட்டையூர் வாசகர்)

பதில்: மெஷினைத் தூங்க வைக்கிறது உங்க விண்டோஸ் பவர் ஆப்ஷன், அதுல ஸ்லீப்பை நெவர்னு மாத்திட்டா முதல் பிரச்சினை தீர்ந்துச்சு. ஹைபர்நேட் செட்டிங் அதுக்கு நேர் எதிர், ஜாப் இல்லாதப்போ மெஷினைத் தூங்க வைக்கிறதுக்கு உள்ளது. அதை எழுதியும் ஒண்ணும் நடக்காததுக்குக் காரணம் ஹைபர்நேட் செக் இன்டர்வல், அது 0ன்னு இருக்கற வரைக்கும் ஹெச்டிகான்டார் அந்தப் பக்கமே பார்க்காது. கரண்ட் பில்லுக்காகத் தூங்க வைக்கணும், ஜாப் வந்தா எழுப்பணும்னு ரெண்டும் வேணும்னா ரூஸ்டர்னு ஒரு டீமன் இருக்கு, ஆனா மெஷினோட பயாஸ்ல வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியா மெஷினை எழுப்புற வசதி) ஆன்ல இருந்தா தான் அது எழுப்ப முடியும். பயாஸைப் பார்த்துட்டு எழுதுங்க, ரூஸ்டர் செட்டிங்கை அடுத்த இதழ்ல போடுறேன்.